கேட்சருக்காக ஓடியவள்

மார்னி டீட்ஸ் கிரெஸ்வெல் பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் நான்கு கோடைகள் இருந்தாள். அந்த நான்கு கோடையிலும் ஒரு பந்தைக்கூட அவள் மட்டையால் தொட்டதில்லை. ஆனாலும் ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் மளிகைக் கடையிலோ, பெட்ரோல் பங்கிலோ, அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து வாசலிலோ யாராவது ஒருவர் நிறுத்தி, "நீதானே அந்த ஓட்டக்காரப் பொண்ணு" என்பார். மார்னி சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாய் கசந்துவிடும்.

கசப்புக்குக் காரணம் ஆட்டத்தில் உள்ள ஒரு சலுகை. அணியில் அதிகம் களைத்துப்போகிறவர்கள் இரண்டு பேர். பந்தை வீசும் பிட்ச்சர் ஒருத்தி. மட்டைக்காரியின் முதுகுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இன்னொருத்தி. இவர்கள் தங்கள் முறை வரும்போது பந்தை அடித்துவிட்டு களத்தின் மூலைகளில் வரிசையாக உள்ள மூன்று பேஸ்களில் ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும். அங்கிருந்து மீதிப் பேஸ்களைச் சுற்றி, அடித்த இடமான ஹோமுக்கே திரும்பி வந்து ரன் சேர்க்க, பெஞ்சிலிருந்து ஒருத்தியை ரன்னராக அனுப்பலாம். கேட்சர் நிழலில் உட்கார்ந்து முழங்கால் கவசத்தை நிதானமாக மாட்டிக்கொள்வாள். ஓட வந்தவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அன்றைய ஆட்டத்தில் அவள் வேறு எதற்கும் களத்தில் இறங்கியிருக்கக் கூடாது. ஒரு முறை மட்டை பிடித்திருந்தாலும், ஒரு இன்னிங்ஸ் ஓரத்தில் நின்று பந்து தடுத்திருந்தாலும், அவளை ரன்னராக அனுப்ப முடியாது.

ஆகவே கோச் வீமருக்கு யோசிக்க அதிகம் இருக்கவில்லை. அணியில் யாருடைய கால் மிக வேகமானதோ அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட வேண்டும். அப்போதைய கேட்சர் டானெட் ஓல்ட்மன். அடித்தால் பந்து வேலியைத் தொடும், ஓடினால் வண்டி சேற்றில் சிக்கியதுபோல் இருக்கும். டானெட் அடிப்பாள், மார்னி ஓடுவாள். ஊர் அதை ஒரே ஆளின் வேலைபோல் பார்த்துப் பழகிவிட்டது.

அவள் ஓட்டம் வெறும் கால் வேகம் இல்லை. பந்து பிட்ச்சரின் கையை விட்டுப் போகும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அவுட். எல்லாப் பெண்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மார்னி பிட்ச்சரின் இடுப்பைப் பார்ப்பாள். கை ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பை உரசும்போது மார்னியின் பின்னால் ஊன்றிய கால் மண்ணை உதைத்திருக்கும். கண் பார்த்து, பிறகு காலுக்குச் சொல்லி, பிறகு ஓடுவதற்கு அவளிடம் நேரம் இருந்ததில்லை. பேஸை நோக்கி நேராக ஓடமாட்டாள். கொஞ்சம் வெளியே அகன்று, உடம்பை உள்பக்கம் சாய்த்து, பேஸின் உள்முனையை இடது காலால் மிதித்துத் தள்ளிக்கொண்டு திரும்புவாள். எதிரணி கேட்சர் சோம்பலாக பிட்ச்சருக்குப் பந்தைத் திருப்பி எறியும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் அடுத்த பேஸில் இருப்பாள். சறுக்கி விழுந்து எழும்போது தொடையில் தோல் உரிந்து, அதில் மைதானத்துச் சுண்ணாம்புக்கல் தூள் ஒட்டியிருக்கும். குளிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்குப் பின்னால், சோளக்காட்டுக்கும் சரளைச் சாலைக்கும் நடுவே, பழைய தீவன மூட்டைகளை மடித்துப் போட்டுத் தானே ஓடிப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அவள் கேட்டது ஒன்றுதான். கடைசி வருடம், கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தின நாள் கேட்டாள்.

"கோச், நாளைக்கு ஒரே ஒரு தடவை பேட் பண்ணட்டுமா?"

வீமர் பந்துகளை வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "பார்க்கலாம் மார்னி" என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' என்பதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ராய் டீட்ஸ் பன்றிக்கறி ஆலையில் மாலை ஷிஃப்ட். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. யாரிடமோ கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து வேலிக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆட்டம் இன்னிங்ஸ் இன்னிங்ஸாகப் போனது. மார்னி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கோச்சின் முகத்தையே பார்த்தாள். ஆறாவது இன்னிங்ஸில் அவளாகவே எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"உன்ன இப்ப பேட்டுக்கு விட்டா, டானெட்டுக்கு யாரு ஓடுவா சொல்லு?" என்றார் வீமர், அன்பாகத்தான். "பேட்டுக்கு ஆள் இருக்காங்க. இந்தக் காலுக்கு ஆள் இல்லம்மா."

கடைசி இன்னிங்ஸில் டானெட் அடித்தாள். மார்னி ஓடினாள். இரண்டு பேஸ் தாண்டி, ஹோமில் எதிரணி கேட்சரின் கைக்கு அடியில் சறுக்கி, ஆட்டத்தை முடித்துவைத்தாள். ஊர் எழுந்து நின்று கத்தியது. பெண்கள் டானெட்டைத் தோளில் தூக்கினார்கள். டானெட் மேலிருந்து மார்னியின் தலையைத் தட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார்.

"நல்லா ஓடின" என்றார். கொஞ்சம் கழித்து, "அடிக்கப்போறேன்னு சொன்னியேன்னுதான் ஷிஃப்ட் மாத்தினேன்."

"அவங்களுக்கு என் கால் மட்டும்தான்ப்பா வேணும்."

அவர் வண்டியின் ஜன்னலை இறக்கி விட்டார். அதற்கு அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

டானெட் அடித்த அடிகளுக்கு ஒரு கல்லூரி செலவையெல்லாம் ஏற்றுக்கொண்டு அழைத்துப் போனது. மட்டையே பிடிக்காதவளை எந்தக் கல்லூரி கூப்பிடும்? மார்னி முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். அங்கேயும் அதே கதைதான். யாருக்குக் காய்ச்சல், யாருடைய பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் அவள் தொலைபேசிதான் முதலில் அடிக்கும். "மார்னி, ஒரு ரெண்டு மணி நேரம் எனக்காக இருந்துடறியா?" இருந்துவிடுவாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வந்ததில்லை. ஒருவேளை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த வயதிலேயே அந்தச் சொல் செத்துப்போயிருக்கலாம், அல்லது அவளிடம் அது எப்போதுமே இருந்திருக்காது. எது என்று அவளே பலமுறை யோசித்திருக்கிறாள். கல்யாணம் நடந்தது. கணவன் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வேலைக்குப் போனான், அங்கேயே தங்கிவிட்டான். மகள் டெஸ்ஸா மிஞ்சினாள், டீட்ஸ் என்ற தாய்வீட்டுப் பெயரோடு.

டெஸ்ஸாவுக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. சமையலறை ஜன்னலில் நின்றபடி மார்னி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சரளைச் சாலையில் பக்கத்துப் பண்ணை நாயைத் துரத்திக்கொண்டு டெஸ்ஸா ஓடினாள். நாய் திரும்பிப் பார்த்து, காதை மடக்கிக்கொண்டு, உண்மையாகவே ஓடத் தொடங்கியது. மார்னியின் கை தண்ணீரில் அப்படியே நின்றது. மற்ற தாய்மார்களுக்குப் பெருமை வந்திருக்கும். அவளுக்கு அந்தப் பழைய பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமையே யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு மட்டை வாங்கினாள். பின்புறம் வலை கட்டினாள். தினமும் சாயங்காலம் பந்தைப் போடுவாள், டெஸ்ஸா அடிப்பாள். டெஸ்ஸாவின் அடி சுமார்தான். கண் பந்தின்மேல் நிற்காது. ஆனாலும் மார்னி விடவில்லை. இடையில் ஒரே ஒரு நாள் மனம் கேட்காமல், தீவன மூட்டையைத் தரையில் போட்டு, "இப்படி வெளிய அகன்று வந்து உள்முனையை மிதி" என்று காட்டிக் கொடுத்துவிட்டாள். டெஸ்ஸா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவைம்மா, இன்னொரு தடவை" என்று இருட்டும்வரை ஓடினாள். அந்த மூட்டையை மார்னி அன்றே எடுத்துக் கொட்டகைக்குள் போட்டுவிட்டாள்.

டெஸ்ஸா ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருடம் டானெட் ஊருக்குத் திரும்பினாள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, சாஃப்ட்பால் அணிக்குக் கோச். அதே மைதானம், அதே பெஞ்ச். பள்ளிச் சுவரில் வீமரின் படம் மாட்டியிருந்தது. மே மாதம் ஆள் எடுப்பதற்கு முந்தின நாள், காரை வீட்டு முன் நிறுத்திவிட்டு மார்னி சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு எல்லாரையும் ஓடவிட்டுப் பார்ப்பாங்க."

"தெரியும்மா."

"மெதுவா ஓடு."

டெஸ்ஸா திரும்பிப் பார்த்தாள். "என்ன?"

"நடுவுல வா. முதல்லயும் வேணாம், கடைசிலயும் வேணாம்."

"எதுக்கு?"

"வேகமா ஓடறவளுக்கு இங்க பேட் கொடுக்கமாட்டாங்க. உட்கார வச்சு, எவளுக்காகவோ ஓடச் சொல்வாங்க."

"அது பொய் சொல்ற மாதிரி இல்ல?"

"வாயத் திறந்து சொன்னாத்தான் பொய்."

டெஸ்ஸா கொஞ்ச நேரம் ஷூ நாடாவை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப நிஜமா எப்ப ஓடறது?"

"உனக்குன்னு ஒரு இடம் கிடைக்கட்டும். அப்புறம் எவ்ளோ வேணா ஓடு."

மறுநாள் டெஸ்ஸா நடுவில் வந்தாள். சின்னப் பள்ளி, பெண்கள் குறைவு. களத்தின் வலப்பக்கக் கடைசியில், ரைட் ஃபீல்டில், நின்று பந்து தடுக்க ஆள் வேண்டியிருந்தது. டெஸ்ஸாவை அங்கே போட்டு, மட்டை வரிசையில் கடைசி இடத்தைக் கொடுத்தாள் டானெட். கேட்சர் ஹன்னாவுக்காக ஓட ஜோரி என்ற பெண்ணை வைத்துக்கொண்டாள். ஜோரி சுறுசுறுப்பானவள்தான், ஆனால் பேஸைத் திரும்பும்போது அளவில்லாமல் அகன்று, காட்டுக்குள் போய்விட்டு வருவாள்.

முதல் ஆட்டத்தில் மகள் மட்டையோடு ஹோமில் நின்றபோது மார்னி படிவரிசை இருக்கையிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் பெயரை ஒலிபெருக்கியில் மட்டைக்காக யாரும் ஒருபோதும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு டீட்ஸ் என்று கூப்பிட்டார்கள். அது போதும் என்று நினைத்தாள். டெஸ்ஸா இரண்டாவது பந்தைத் தட்டினாள். பந்து தரையோடு மெல்ல உருண்டது. எதிரணிப் பெண் குனிந்து, எடுத்து, முதல் பேஸில் நின்றவளுக்கு எறிந்தாள். அதற்குள் முதல் பேஸில் போய் நின்றிருக்க வேண்டிய கால்கள் அவை. பந்து பேஸுக்கு வந்துவிட்டபோது டெஸ்ஸா பாதித் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள், சொன்ன பேச்சுக் கேட்டு. அவுட். திரும்பி நடக்கும்போது மேலே அம்மாவைப் பார்த்தாள்.

மார்னி அப்போதுதான் புரிந்துகொண்டாள். வேகத்தை ஒருநாள் மறைத்தால் போதாது. ஒவ்வொரு முறை அடித்த பிறகும் மறைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே உருளும் பந்து, அதே பாதித் தூரம். இது போயிருக்கும், இதுவும் போயிருக்கும் என்று மார்னி மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். டெஸ்ஸாவின் அடி மோசம் என்று ஊர் பேசத் தொடங்கியது. அந்த மோசத்தில் பாதி மார்னி செய்தது.

மடக்கு நாற்காலியில் எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கும் கிளென் என்ற விவசாயி ஒருநாள் திரும்பினார். "என்ன மார்னி, உன் காலு பொண்ணுக்கு வரலியே?"

"அவங்கப்பா காலு" என்றாள் மார்னி.

"அவனும் ஓடினவன்தானே, நெப்ராஸ்கா வரைக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மார்னியும் சிரித்தாள்.

அந்த ஊரில் அடிக்கத் தெரியாதவளை மன்னிப்பார்கள், பந்தைத் தவறவிட்டவளை மன்னிப்பார்கள். அடித்துவிட்டு முழு மூச்சோடு ஓடாதவளை மன்னிக்கமாட்டார்கள். விதைக்கிற பருவத்தில் தூங்குகிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அணிப் பெண்களும் தொடங்கிவிட்டார்கள். "டெஸ்ஸா, உங்கம்மா வேலை பார்க்கிற எடத்துல நடைவண்டி ஒண்ணு கேட்டு வாங்கிக்கோடி" என்றாள் ஜோரி ஒருநாள். எல்லோரும் சிரித்ததை டெஸ்ஸா வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு அந்தப் பந்துக்கு நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஸ்கோர்போர்டுக்குத் தெரியலையே."

"இன்னும் ரெண்டு ஆட்டம் போகட்டும்டி."

"போன வாரமும் இதான் சொன்ன."

மார்னி தன் தட்டை ஓரம் தள்ளினாள். இப்போது ஓடு என்று சொல்லலாம். சொன்னால் டானெட் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், இத்தனை நாள் ஏன் ஓடவில்லை என்று கேட்பாள். அதைவிட, ஜோரியை ரைட் ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டு இவளைப் பெஞ்சில் உட்கார வைப்பாள். இந்த அடியை வைத்துக்கொண்டு எந்தக் கோச்சும் அதைத்தான் செய்வாள். இது டெஸ்ஸாவுக்காகவா, இல்லை வேலிக்குப் பின்னால் வெள்ளை பூட்ஸோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்காகவா? மார்னி தட்டுகளை எடுத்துத் தொட்டியில் போட்டாள். கேள்வி அங்கேயே நின்றது.

ஜூன் கடைசியில் லிண்ட்குரோவ் அணியோடு ஆட்டம். பகல் முழுக்க வெயில் சோளத்தை வேகவைத்திருந்தது. சிற்றுண்டிக் கொட்டகையில் சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து அதிலேயே கொத்துக்கறியைக் கொட்டித் தந்துகொண்டிருந்தார்கள். மார்னி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிட மறந்தாள். ஐந்தாவது இன்னிங்ஸில் டெஸ்ஸா அடித்த பந்து மூன்றாவது பேஸ் பக்கம் உருண்டது. அங்கிருந்த பெண் அதைக் கையில் பிடித்து, நழுவவிட்டு, காலால் தட்டி, மறுபடி தேடி எடுத்தாள். யார் ஓடியிருந்தாலும் தப்பியிருக்கலாம். டெஸ்ஸாவின் உடம்பு அந்த அரைவேகத்துக்குப் பழகிவிட்டிருந்தது. தடுமாறியதைப் பார்த்த பிறகுதான் கால் விழித்தது. ஒரு எட்டு பிந்திவிட்டாள்.

 கிளென் விதைத் தோலைத் துப்பினார்.

டானெட் மைதானத்தின் நடுப்பகுதி வரை நடந்து வந்தாள். "உட்காரு" என்றாள். ரைட் ஃபீல்டுக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அனுப்பினாள்.

கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் அவுட். ஹன்னா ஓங்கி அடித்து, இரண்டாவது பேஸில் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டானெட் பெஞ்சைப் பார்த்தாள். டெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே ஆடிவிட்டவள், இனி யாருக்காகவும் ஓட முடியாது. முடிந்திருந்தாலும் டானெட் அவளை அனுப்பியிருக்கமாட்டாள். ஜோரி போனாள். அடுத்தவள் அடித்த பந்து புல்வெளியில் விழுந்தது. ஜோரி மூன்றாவது பேஸை வழக்கம்போல் காட்டுவழியாகச் சுற்றி வந்தாள். பந்து அவளுக்கு முன்னால் ஹோமுக்கு வந்துவிட்டது.

தோற்ற பிறகு டானெட் பெண்களைப் புல்லில் உட்கார வைத்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "அடிக்கத் தெரியலன்னா கத்துக் கொடுப்பேன். ஓட மனசில்லன்னா அதுக்கு என்கிட்ட மருந்தில்ல. டெஸ்ஸா, பேஸைச் சுத்து. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

மற்றவர்கள் பைகளைக் கட்டத் தொடங்கினார்கள். டானெட் இரும்பு வாருகோலை எடுத்து ஹோமைச் சுற்றியிருந்த தூளைச் சமன்செய்யத் தொடங்கினாள். வெயில் தானியக் கிடங்குக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. மார்னி வேலியருகே நின்றாள். முதல் சுற்றை டெஸ்ஸா தலைகுனிந்து ஓடினாள். இரண்டாவதையும் அப்படித்தான்.

"நடைவண்டி வேணுமாடி?" என்றாள் ஜோரி, பையைத் தோளில் மாட்டியபடி.

மூன்றாவது சுற்றில் டெஸ்ஸாவின் தலை நிமிர்ந்தது. முதல் பேஸுக்கு முன்னால் வெளியே அகன்றாள். உடம்பு உள்ளே சாய்ந்தது. இடது கால் உள்முனையை மிதித்துத் தள்ளியது. அதன் பிறகு அவளைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. இரண்டாவது பேஸ் காலுக்கு அடியில் வந்து போனது. பின்னல் காற்றில் நேராக நின்றது. மூன்றாவது பேஸைத் திரும்பும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகையாகவும் இருக்கலாம். ஹோமைத் தாண்டி, போதும் என்று யாரும் சொல்லாததால், இன்னொரு சுற்றையும் அதே வேகத்தில் ஓடினாள்.

பை கட்டிய பெண்கள் நின்றுவிட்டார்கள். கிளென் மடக்கிய நாற்காலியைக் கையில் பிடித்தபடி, "அடக் கடவுளே" என்றார் மெதுவாக. டானெட்டின் வாருகோல் தரையில் ஊன்றி நின்றது. அவள் பார்த்தது டெஸ்ஸாவை இல்லை. அந்தத் திருப்பத்தை. அந்தத் திருப்பத்தை அவள் நான்கு வருடம் நிழலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

வேலியருகே வந்தாள்.

"இது எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து" என்றாள் மார்னி.

"மே மாசம் ஓடிக் காட்டினப்ப?"

"நான்தான் மெதுவா ஓடச் சொன்னேன்."

"ஏன்டி?"

மார்னி இந்தக் கேள்விக்கான பதிலை இருபது வருடமாக வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தபோது அது சின்னதாக இருந்தது. "நான் நாலு வருஷம் உனக்காக ஓடினேன் டானெட். ஒரு தடவ கூட பேட் பிடிக்கல."

டானெட்டின் முகத்தில் இருந்தது குற்ற உணர்வு இல்லை. நிஜமான ஆச்சரியம். "உனக்கு அதுதான் பிடிக்கும்னு இல்ல நெனச்சேன். நீ ஒரு நாளும் சொல்லவே இல்லையே. எனக்கு உன்மேல பொறாமைகூட இருந்துது தெரியுமா? ஊரே உன் பேரைத்தான் கத்தும். நான் மூச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"உன்னத்தான் தோள்ல தூக்கினாங்க."

"யாரு தூக்கினா? எப்ப?"

அவளுக்கு நினைவில்லை. மார்னி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டானெட் திரும்பி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும் டெஸ்ஸாவைப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது. "இந்தக் கால வச்சுக்கிட்டு ஒரு மாசம் தோத்திருக்கோம். வியாழக்கிழமை ஹன்னாவுக்கு இவ ஓடட்டும். ரைட் ஃபீல்டுக்கு ஜோரி போதும்."

"பேட்டு?"

"பார்க்கலாம்" என்றாள் டானெட்.

அவளுக்கு அது வீமரின் சொல் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பெண்கள் டெஸ்ஸாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜோரி அவள் முதுகில் அறைந்து, "திருட்டுக் கழுதை, எங்கடி ஒளிச்சு வச்சிருந்த" என்றாள். டெஸ்ஸாவின் முகம் மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக விரிந்திருந்தது. டானெட் போய் ஏதோ சொன்னாள். "சரி கோச்" என்று டெஸ்ஸா தலையாட்டுவது வேலி வரைக்கும் கேட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பிறகு பையோடு வேலிக் கதவுக்கு வந்தாள். மட்டையை உருவி அம்மாவிடம் நீட்டினாள்.

"இத நீயே வச்சுக்கம்மா."

குரலில் கோபம் இருந்திருந்தால் மார்னி ஏதாவது சொல்லியிருப்பாள். கோபம் இல்லை. கனமான சாமானைக் கீழே வைக்கிறவளின் குரல்தான் அது.

"டெஸ்ஸா, அவங்க உன்னப் பெஞ்சில உட்கார வச்சிடுவாங்கடி."

"உட்கார்ந்துக்கறேன்." வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "ஓடறது இப்படி இருக்கும்னு நீ ஏம்மா சொல்லவே இல்ல? உட்கார்ந்திருந்தத மட்டும்தான் சொன்ன."

மார்னி மட்டையை வாங்கிக்கொண்டாள். ஹோமில் சறுக்கி எழுந்த அந்தக் கணம், ஊர் எழுந்து நின்ற சத்தம், தொடையில் எரிச்சல், வாயில் தூள். அதில் சந்தோஷம் இருந்ததா? இருந்திருக்கும். அதை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

"கோச் சைகையெல்லாம் சொல்லித் தர்றாங்களாம். நீ காருக்குப் போம்மா, வந்துடறேன்."

டெஸ்ஸா திரும்பி ஓடினாள். நடந்தே போயிருக்கலாம். ஓடினாள்.

கார் மைதானத்தின் மறுபக்கம் நின்றது. வேலிக் கதவு திறந்திருந்தது. ஹோமைத் தாண்டிக் குறுக்கே நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். மார்னி மட்டையைக் கையில் பிடித்தபடி உள்ளே கால் வைத்தாள். ஹோமின் பலகை பக்கத்திலேயே இருந்தது, வெள்ளையாக, சுத்தமாக. மட்டைப் பிடியில் சுற்றியிருந்த துணி மகளின் வியர்வையில் இன்னும் ஈரமாக இருந்தது. விரல்கள் தானாக இறுகின.

"மார்னி" என்று தூரத்திலிருந்து டானெட் குரல் கொடுத்தாள், பழைய தோழமையோடு. "அந்தப் பக்கம் மிதிக்காதடி. இப்பதான் சமன் பண்ணேன்."

மார்னி காலைப் பின்னுக்கு எடுத்தாள். சாம்பல் நிறத் தூளில் ஒரே ஒரு ஷூத்தடம் பதிந்திருந்தது. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே சுற்றி நடந்தாள். அவள் பாதித் தூரம் போவதற்குள் பின்னால் வாருகோல் இழுபடும் சத்தம் கேட்டது.